பழைய லேப்டாப்பில் 4கே திரை

4கே மானிட்டரைப் பழைய லேப்டாப்பில் செருகினால் பெரும்பாலும் படம் வந்துவிடும். எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்கும். மவுஸை அசைத்துப் பார்த்தால்தான் தெரியும்: அம்புக்குறி கையோடு வராமல் சற்றுப் பின்தங்கி வரும், பக்கத்தை உருட்டினால் வரிகள் தத்தித் தத்தி ஏறும். லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது, பிராசஸர் தாங்கவில்லை என்று அங்கேயே முடிவுகட்டிவிடுகிறோம். பழியைப் போடுமுன் ஒரு பெருக்கல் கணக்கைப் போட்டுவிடலாம்.

4கே திரையில் குறுக்கே 3840, நெடுக்கே 2160 பிக்சல்கள். மொத்தம் 82,94,400; ஃபுல் எச்டி திரையைப் போல் சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் சொல்ல 24 பிட் வேண்டும். படம் நொடிக்கு 60 முறை போக வேண்டும். பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 12 கிகாபிட். திரையில் ஒன்றும் அசையாமல், நீங்கள் டீ குடிக்கப் போயிருக்கும்போதும் சாதாரணமாக இந்த ஓட்டம் நிற்பதில்லை.

2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 நொடிக்கு 10.2 கிகாபிட் கடத்தும். அதிலும் 8 பிட் தகவலை அனுப்ப 10 பிட் செலவாகும் என்பதால் படத்துக்கு மிஞ்சுவது 8 கிகாபிட் சொச்சம்தான். 60 முறைக்கு இடமே இல்லை. 4கே படம் 30 முறையோடு நின்றுவிடும். அந்தத் தத்தலுக்குக் காரணம் இதுதான். 18 கிகாபிட் கொண்ட எச்டிஎம்ஐ 2.0 செப்டம்பர் 2013-இல் வெளியானது. ஆனால் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் பல லேப்டாப்கள் 1.4 உடனேயே விற்பனைக்கு வந்தன. இரண்டுக்கும் போர்ட்டின் வடிவம் ஒன்று, பக்கத்தில் எண்ணும் அச்சிட்டிருக்காது. கடைக்காரர் சொன்னாரென்று விலை உயர்ந்த கேபிளை வாங்கி மாட்டினாலும் 1.4 போர்ட் 2.0 ஆகிவிடாது.

வேடிக்கை என்னவென்றால், எச்டிஎம்ஐ போர்ட்டே இல்லாத சில பழைய லேப்டாப்கள் இந்தப் பரீட்சையில் தேறிவிடுகின்றன. 2015-இல் வந்த திங்க்பேட் டி450-இல் இருப்பவை பழைய விஜிஏ போர்ட்டும் மினி டிஸ்ப்ளேபோர்ட்டும். டிஸ்ப்ளேபோர்ட்டின் 1.2 பதிப்பு 2010-லேயே வந்துவிட்டது; படத்துக்கென்று 17 கிகாபிட்டுக்கு மேல் தருகிறது. அதன் வழியே 4கே படம் 60 முறை தாராளமாகப் போகும். ஒரே நிபந்தனை, கேபிள் இரு முனையிலும் டிஸ்ப்ளேபோர்ட்டாக இருக்க வேண்டும். நடுவில் மலிவான எச்டிஎம்ஐ அடாப்டரைச் செருகினால் லேப்டாப் எச்டிஎம்ஐ சிக்னலையே அனுப்பத் தொடங்கும்; பழைய தடை திரும்பி வந்துவிடும்.

யுஎஸ்பி-சி போர்ட் உள்ளவர்களையும் இந்தக் கணக்கு விடுவதில்லை. அதில் படத்தைச் சுமக்க அதிகவேகத் தடங்கள் நான்கு இருக்கின்றன. பென்டிரைவ், கார்டு ரீடர் எல்லாம் செருகும் ஹப்பை மாட்டினால் அவற்றில் இரண்டை யுஎஸ்பி 3 எடுத்துக்கொள்ளும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 என்றால் மீந்த இரண்டில் மறுபடியும் 30-தான்.

பிராசஸருக்கும் ரேமுக்கும் பங்கே இல்லையா என்றால், உண்டு. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரையில் தெரியும் படம் முழுவதும் பொது ரேமில்தான் கிடக்கிறது. ஒரு 4கே படத்துக்கு 33 மெகாபைட். நொடிக்கு 60 தடவை படித்தால் சுமார் 2 ஜிகாபைட். 1600 வேக டிடிஆர்3 ரேம் ஒன்றே ஒன்று இருந்தால் அதன் மொத்த வேகமே 12.8 ஜிகாபைட். காலி ஸ்லாட் இருந்தால் இரண்டாவது ரேமைப் போடுங்கள், பாதை இரட்டிப்பாகும். 4கே யூடியூப் வீடியோ மட்டும் வேறு கதை. 2015 காலத்துச் சிப்பில் அதை முழுமையாகப் பிரித்துக் காட்டும் தனி வன்பொருள் கிடையாது. பிராசஸரே மல்லுக்கட்டும், ஃபேன் இரையும்.

எச்டிஎம்ஐ 1.4 மட்டுமே உள்ளவர்கள் 4கே ஆசையை விட்டுவிட்டு 2560×1440 மானிட்டர் வாங்குவது நல்லது என்பேன். நாள் முழுக்க எழுத்து படிப்பவருக்கு 30 முறை துடிக்கும் 4கே-யை விட 60 முறை ஓடும் இது எவ்வளவோ மேல். 2012 வாக்கில் வந்த சில லேப்டாப்களில் எச்டிஎம்ஐ 1920×1200-ஐத் தாண்டாது என்பதால் வாங்குமுன் மாடல் விவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் 30-லேயே நின்றால், மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்து பாருங்கள். சிலவற்றில் டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பு என்றொரு தேர்வு 1.1-லேயே வைக்கப்பட்டிருக்கும். அதை 1.2 ஆக்கிவிட்டு, விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் போய் 60 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள்.