உங்களுக்குத் தெரியுமா? மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த 91 நிமிடங்கள்

★ விண்கலம் நொறுங்குகிறது. பிடிமானம் அறுந்த வீராங்கனை இருட்டுக்குள் சுழன்று சுழன்று போகிறார். ‘கிராவிட்டி’யின் டிரெய்லர்கள் கதையைக் கொட்டாமல் இந்த விபத்தையே காட்டி ஆவலைக் கிளப்பின. 2013 அக்டோபரில் படம் வந்ததும் கூட்டம் குவிந்தது. அமெரிக்காவில் முதல் வார இறுதி வசூல் மட்டும் 5.5 கோடி டாலருக்கு மேல். அக்டோபர் மாதத்தில் அதுவரை எந்தப் படத்துக்கும் இப்படியொரு தொடக்கம் அமைந்ததில்லை. அந்த வசூலில் சுமார் 80 சதவீதம் திரிடி காட்சிகளில் வந்த பணம்.

★ முதல் காட்சி ஏறக்குறைய 13 நிமிடம், வெட்டே தெரியாமல் ஓடும். வெட்டு விழுந்தால் பார்ப்பவர் சற்று ஆசுவாசப்படலாம். இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோன் அந்த ஆசுவாசத்தைத் தரவே இல்லை.

★ விண்வெளியில் காற்று இல்லை, எனவே எது வெடித்தாலும் சத்தம் கேட்காது. பெரும்பாலான படங்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. ‘கிராவிட்டி’ இதையே பிடித்துக்கொண்டது. நாயகி சாண்ட்ரா புல்லக்கின் கை எதைத் தொடுகிறதோ, அதன் அதிர்வு மட்டும் உடை வழியாக அவர் காதுக்கு வருவதாக ஒலியை அமைத்தார்கள். திருகுக் கருவி சுழலும்போது கேட்பது ஒரு அடங்கிய உறுமல்தான். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு விண்வெளி நிலையமே துண்டு துண்டாகச் சிதறும். நமக்குக் கேட்பது அவருடைய மூச்சும் ஸ்டீவன் பிரைஸின் இசையும் மட்டுமே. இசையும் சட்டென்று அறுந்துபோகும் இடங்கள் உண்டு. அப்போது தியேட்டரில் விழும் நிசப்தத்துக்கு ஈடான திகில் எந்த வெடிச்சத்தத்திலும் இல்லை. படம் வென்ற 7 ஆஸ்கர்களில் ஒலிக்கு 2, இசைக்கு 1. மூன்றும் தகுதியானவை.

★ விண்வெளியில் மிதக்கும் பல காட்சிகளில் நிஜமாகப் படம் பிடித்தது நடிகர்களின் முகத்தை மட்டும்தான். உடை, தலைக்கவசம், அதன் கண்ணாடி எல்லாமே கணினியில் வரைந்தவை. உள்பக்கம் எல்.இ.டி விளக்குகள் பதித்த பெட்டிக்குள் புல்லக்கை நிறுத்தி, அவரைச் சுழற்றாமல் வெளிச்சத்தைச் சுழற்றினார் ஒளிப்பதிவாளர் இம்மானுவேல் லுபெஸ்கி. அந்தப் பெட்டிக்குள் நாள்தோறும் பல மணி நேரம் தனியாக இருந்தார் புல்லக். அந்தத் தனிமை அவர் முகத்தில் தெரிகிறது.

★ விஞ்ஞானி நீல் டிகிராஸ் டைசன் ட்விட்டரில் அடுக்கடுக்காகப் பிழைகளைச் சொன்னார். புல்லக்கின் முடி ஏன் மிதக்கவில்லை? ஹப்பிள் தொலைநோக்கியும் சர்வதேச விண்வெளி நிலையமும் எப்படிக் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன? நிஜத்தில் முன்னது சுமார் 500 கிலோமீட்டர் உயரத்திலும் பின்னது சுமார் 400 கிலோமீட்டரிலும் வெவ்வேறு பாதைகளில் சுற்றுகின்றன. படம் தனக்கு மிகவும் பிடித்திருந்தது என்றும் பின்னர் சொன்னார்.

★ கண்ணீர்த்துளி மிதந்து நம்மை நோக்கி வரும் காட்சியும் நிஜமல்ல. எடையற்ற நிலையில் கண்ணீர் கன்னத்தில் வழியாது. கண்ணிலேயே உருண்டையாகத் திரண்டு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் அந்தக் காட்சிக்காக இந்தப் பிழையை மன்னிக்கலாம்.

★ படத்தின் செலவு சுமார் 10 கோடி டாலர். இஸ்ரோவின் மங்கள்யான் சுமார் 7.4 கோடி டாலரில் செவ்வாயை எட்டியது. இந்த ஒப்பீட்டைப் பிரதமர் மோடி 2014 ஜூனில் ஸ்ரீஹரிகோட்டாவில் பேசும்போது சொன்னார். மங்கள்யானின் திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் நம் நெல்லைச் சீமைக்காரர்.

★ ரஷ்யா தன் செயற்கைக்கோளைத் தானே ஏவுகணையால் தகர்க்க, அந்தச் சிதறல் மற்றவற்றின் மீது மோதி, சங்கிலியாக அழிவு பரவுகிறது. இதுதான் கதையின் முடிச்சு. இப்படி நடக்கலாம் என்று நாசாவின் டொனால்ட் கெஸ்லர் 1978-லேயே எச்சரித்திருந்தார். 2021 நவம்பரில் ரஷ்யா தன் பழைய காஸ்மாஸ் 1408 செயற்கைக்கோளை நிஜமாகவே தகர்த்தது. கண்காணிக்கக்கூடிய அளவிலேயே 1,500-க்கும் மேற்பட்ட துண்டுகள். விண்வெளி நிலையத்தில் இருந்த 7 பேரும் தங்கள் கலங்களுக்குள் புகுந்து காத்திருந்தார்கள்.

★ புல்லக் வானொலியில் உதவி கேட்கும்போது, மொழி புரியாத ஒருவர் பேசுவார். நாய் குரைக்கும், குழந்தை அழும். அந்த மனிதர் யார் என்று காட்டும் குறும்படம் ‘அனிங்காக்’. குவாரோனின் மகன் ஹோனாஸ் கிரீன்லாந்துப் பனியில் எடுத்தது, சில நிமிடங்களே ஓடும். ‘கிராவிட்டி’யைப் பார்த்தவர்கள் அதையும் தேடிப் பாருங்கள்.