ட்ரெட்மில் நின்ற பிறகு 90 விநாடி

ஒலி அலையால் இதயத்தைப் படம் எடுக்கும் எக்கோ அறையில் வேலை பார்க்கும் எனக்கு, ஸ்ட்ரெஸ் எக்கோ பரிசோதனையில் ட்ரெட்மில் நின்றதும் வரும் 60 முதல் 90 விநாடிதான் முக்கியம், அதற்குள் படம் எடுத்தாக வேண்டும். நடந்தவர் வியர்வையோடு வந்து கட்டிலில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். "கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேம்மா" என்பார்கள். "அதைப் படுத்துக்கிட்டு வாங்குங்கய்யா" என்பேன். இதயம் தணிந்துவிட்டால், பார்க்க வேண்டியது மறைந்துவிடும்.

ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தாலும், சும்மா இருக்கும் இதயத்துக்கு வருகிற ரத்தம் போதும். சாதாரண எக்கோவில் குறை தெரியாமலே போகலாம். உழைக்கும்போதுதான் பற்றாக்குறை, அந்தக் குழாயை நம்பியிருக்கும் தசைச் சுவர் மட்டும் சரியாகச் சுருங்காது. ஈசிஜி கோடு மாறுவதற்கும் நெஞ்சு வலிப்பதற்கும் முன்பே பெரும்பாலும் இது தொடங்கிவிடும். நடைக்கு முன்பும் பின்பும் எடுத்த படங்களைத் திரையில் அருகருகே ஓடவிட்டு மருத்துவர் ஒப்பிடுவார்.

நடை பெரும்பாலும் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் புரூஸ் வகுத்த முறைதான்: 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். 220-இல் வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத்தை நாடித்துடிப்பு தொட வேண்டும். 60 வயதுக்காரருக்கு 136. மூட்டுவலியால் நடக்க முடியாதவர்களுக்கு டோபுடமின் மருந்தை நரம்பில் ஏற்றித் துடிப்பைக் கூட்டுவோம். எப்படிச் செய்தாலும் படம் எடுப்பது ஒலி அலைதான், கதிர்வீச்சு கிடையாது.

துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதை நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். நடக்கும்போது நெஞ்சு வலித்தால் உடனே சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நடக்க இது பந்தயம் இல்லை.