வேடந்தாங்கல் ஏரியும் குருவிக்கூட்டுப் பிரமாணமும்

சிருஷ்டியைப் பேணுதல் குறித்து நாம் பிரசங்கித்ததைக் கேட்ட ஏனாத்தூர் விவசாயி ஒருவர், சபையின் மூப்பர், பறவைக்கு இடம் விட்டால் பயிருக்கு யார் ஈடு தருவார் என்று வினவினார். மயில்கள் கிளறிய நாற்றங்காலைக் கண்டவரின் வினாவை அற்பமென்று தள்ளுதல் தகாது.

விடை தேடித் தொலைதூரம் போகவேண்டுவதில்லை. 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்திலும் இப்பொழுது செங்கல்பட்டு மாவட்டத்திலும் அடங்கிய வேடந்தாங்கலில், ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள ஏரியொன்று உண்டு. வடகிழக்குப் பருவமழையில் அது நிரம்பியதும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் முதலியன நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் நீரில் சேர்க்க, அந்நீரே வயலுக்குப் பாய்கிறது. அரசின் காவல் வருமுன்னரே ஊரார் இதனை அறிந்திருந்தனர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டு, 1798-இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் என்பாரிடம் பாதுகாப்புக் கவுல் பெற்றனர். தீபாவளிக்கு வெடி வெடிக்காத வழக்கமும் அவர்களுடையதே. 2022-இல் இவ்வேரி ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

இது சுயநலமன்றோ என்று மாணவர் கேட்கலாம். உபாகமம் 22:6,7-ஐக் கவனிப்போமாக. குஞ்சுகளை எடுத்துக்கொள்ள இடங்கொடுக்கும் அப்பிரமாணம், தாய்ப்பறவையை விட்டுவிடக் கட்டளையிடுகிறது. கைக்கொள்வோருக்கு நன்மையையும் நீடித்த நாட்களையும் வாக்குப்பண்ணுகிறது. அங்கே கடமையும் பயனும் பகைவரல்ல. அவற்றைப் பிரித்து வைத்தவை நமது பிரசங்கங்களே.

உண்மையான இடர்ப்பாடு வேறு. மானிய விலையில் யூரியா மூட்டை கிடைக்கையில், எச்சத்தை யார் பொருட்படுத்துவார்? மேலும், ஏரிநீரின் உரம் நிலமுடையோனைச் சேர்கிறது. களை பறிக்கும் கூலியாளுக்கு அதில் பங்கு யாது? நம் கிராமச் சபையாரில் பலர் நிலமற்றோரன்றோ! யாத்திராகமம் 23:11, ஏழாம் வருஷத்து நிலத்தின் பலனை முதலாவது எளியோருக்கும், அவர்கள் மீதியாக விட்டதை வெளியின் ஜந்துக்களுக்கும் ஒதுக்குகிறது. இவ்வரிசை தற்செயலானதென்று நாம் எண்ணவில்லை. எளியோரை மறந்து பறவையை மட்டும் போதிக்கும் உக்கிராணத்துவம், நியாயப்பிரமாணத்தின் பாதியையே வாசித்ததாகும்.

மூப்பருக்கு நாம் அளித்த மறுமொழி அரைகுறையே. வரும் சம்பாவில் ஒரு காணியைப் பூச்சிமருந்து தெளிக்காமல் விட்டுப் பார்ப்பதாகவும், ஆட்களின் கூலியைக் குறைப்பதில்லை என்றும் அவர் ஒப்புக்கொண்டார். மயிலின் கணக்கை மட்டும் அவர் இன்னும் தள்ளுபடி செய்யவில்லை.