சிறுவர்க்குச் சர்க்கஸ் வரலாறு: ஓர் இணையத்தளம் அமைக்கும் முறை

வரலாறு என்பது அரசர் பிறந்த ஆண்டும் அவர் பொருத போரும் மட்டுமன்று. மக்கள் எவற்றைக் கண்டு மகிழ்ந்தனர், அம்மகிழ்ச்சிக்காக யார் உழைத்தனர், யார் துன்புற்றனர் என்பனவும் வரலாறேயாம். இவ்வுண்மையைச் சிறுவர்க்கு உணர்த்துதற்குச் சர்க்கஸைப்போல் ஏற்ற பொருள் அரிது. அதன் வரலாற்றைச் சிறுவர் தாமே தொட்டும் நகர்த்தியும் கற்கத்தக்க ஓர் இணையத்தளத்தை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதை, யாம் முயன்று கண்ட அளவில் ஈண்டு விளக்கப் புகுகின்றோம். தமிழ் பயிலும் மாணவர்க்கு இதனோடு என்ன இயைபு என்று வினவும் நண்பர்கள் சிறிது பொறுத்தருள்க.

சென்ற கோடை விடுமுறையில் யாம் வெள்ளாற்றங்கரையிலுள்ள எம் ஊராகிய திட்டக்குடிக்குச் சென்றிருந்தோம். ஒருநாள் மாலை ஒன்பது வயதினனாகிய எம் தம்பி, தந்தையாரின் கைப்பேசியில் ஒரு விளையாட்டில் ஆழ்ந்திருந்தான். திரையில் ஒரு சிங்கம் நின்றது. அவன் விரலால் தட்டுந்தோறும் சாட்டையோசை எழும்; சிங்கம் நெருப்பு வளையத்தினூடே பாயும்; மதிப்பெண் ஏறும். அவ்வேளையில் கடைத்தெருவினின்று மேளவொலி கேட்டது. இருவரும் சென்று பார்த்தபோது கழைக்கூத்தாடிகள் இருபுறமும் மூங்கில்களை நட்டுக் கயிறு கட்டியிருந்தனர். எம் தம்பியின் வயதே மதிக்கத்தக்க ஒரு சிறுமி, தலைமேற் சிறு குடங்களை அடுக்கிக், கையில் நீண்ட கோலேந்தி, அக்கயிற்றின்மேல் நடந்தாள். நடந்து முடித்தபின் தட்டேந்திக் கூட்டத்தைச் சுற்றி வந்தாள். தம்பி எம் கையைப் பற்றி, "அண்ணா, இந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது?" என்று கேட்டான். யாம் விடை கூறவியலாது நின்றோம்.

அவ்விரவு எம்மை விட்டகலாத எண்ணம் ஒன்றுண்டு. கைப்பேசி விளையாட்டு எம் தம்பியின் விரலைச் சாட்டையாக்கிற்று. தெருவிற் கண்ட காட்சியோ அவன் உள்ளத்தில் ஒரு வினாவை எழுப்பிற்று. அவ்வினாவை எழுப்புவதும், அதற்கு இயன்றவரை உண்மையாக விடை கூறுவதுமாகிய ஓர் இணையத்தளம் தமிழில் அமைத்தலாகாதோ? கல்லூரி திறந்தபின் கணினித்துறை நண்பரொருவரையும் எம் வகுப்புத் தோழரொருவரையும் துணைக்கொண்டு அத்தளத்துக்குத் திட்டம் வகுக்கலானோம்.

புத்தகத்துக்கும் இத்தகைய தளத்துக்கும் உள்ள வேற்றுமையை முதற்கண் தெளிதல் வேண்டும். புத்தகம் கூறும், சிறுவன் கேட்பான். தளத்திலோ சிறுவன் ஒன்றைச் செய்வான். தளம் அதற்கு எதிர்வினை காட்டும். அவன் நெஞ்சிற் பதிவது பெரும்பாலும் படித்த சொல்லன்று, செய்த செயலேயாகும். விலங்குகள் துன்புற்றன என்று மேலே எழுதிவிட்டுக், கீழே தட்டினாற் பாயும் சிங்கத்தை வைப்போமாயின், சிறுவன் கற்பது கீழுள்ளதையே. ஆதலின் பக்கந்தோறும் எழுத வேண்டியதைத் துணியுமுன், அப்பக்கத்தில் சிறுவனின் விரல் என் செய்யும் என்பதைத் துணிதல் வேண்டும். விரல் அளக்கலாம், சுழற்றலாம், நீட்டலாம், வினவலாம், சாட்டையாகலாகாது. இதுவே யாம் கொண்ட முதல் விதி.

இனி, கூறவேண்டிய வரலாறு யாது? பழைய உரோமாபுரியில் சர்க்கஸ் எனப்பட்டது தேரோட்டப் பந்தயம் நிகழ்ந்த பெருவெளியாம். பெயர் அங்கிருந்து வந்ததேனும், நாம் காணும் சர்க்கஸ் வேறு. அது குதிரைப்படையிற் பணியாற்றிய பிலிப் ஆஸ்ட்லி என்னும் ஆங்கிலேயர் 1768-ஆம் ஆண்டில் இலண்டனில் நடத்திய குதிரையேற்றக் காட்சியினின்று தோன்றியது. நம் நாட்டிற்கு அது வந்த வழியும் சுவையுடையதே. இத்தாலியராகிய கியாரினி என்பாரின் குழு 1879-இல் பம்பாய்க்கு வந்தது. அதனைக் கண்ட மராட்டியரும் குதிரையேற்றத்தில் வல்லவருமாகிய விஷ்ணுபந்த் சத்ரே, 1880-இல் 'கிரேட் இந்தியன் சர்க்கஸ்' என்னும் குழுவை நிறுவினார். அக்குழு தலைச்சேரிக்குச் சென்றபோது, அவ்வூரிலே பாசல் மிஷன் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராயிருந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணனோடு சத்ரேக்குத் தொடர்பு ஏற்பட்டது. குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் தலைச்சேரியை அடுத்த சிறக்கரையில் சர்க்கஸ் பயிற்சிக்கென்றே ஒரு பள்ளியை நிறுவினார். இந்தியச் சர்க்கஸின் தந்தை என்று அவரைப் போற்றுதல் வழக்கு. அவர் வழியில் வந்தோருள் ஒருவரும், 2023-இல் மறைந்தவருமாகிய ஜெமினி சங்கரன், 1951-இல் தொடங்கிய ஜெமினி சர்க்கஸின் பெயர் தமிழ்நாட்டாரும் நன்கறிந்ததே.

இவ்வரலாற்றை இலண்டனிலிருந்து மட்டும் தொடங்குவோமாயின் நம் சிறுவர், வித்தையெல்லாம் கடல்கடந்து வந்தது என்று கருதுவர். அது பிழை. குறுந்தொகையின் ஏழாம் பாட்டில் பெரும்பதுமனார், காற்றில் ஒலிக்கும் வாகை நெற்றுக்கு, ஆரியர் கயிற்றின்மேலாடும்போது கொட்டும் பறையை உவமையாக்கியுள்ளார். ஆடுவோரைப் பிறநாட்டாராகவே புலவர் குறித்தனரெனினும், அவர்தம் பறையொலி தமிழ்நாட்டிற் கேட்போர் யாவருக்கும் பழகியதாயிருந்தாலன்றி உவமையாகாது. திட்டக்குடிக் கடைத்தெருவில் யாம் கேட்ட ஒலிக்கு அத்துணைப் பழமையுண்டு. தமிழ் மாணவர்க்கு இதனோடுள்ள இயைபும் இதுவே. ஆகவே எம் தளத்தின் வாயிற்பக்கத்தில் கூடாரம் இல்லை. இரு மூங்கில்களும் ஒரு கயிறுமே உள்ளன. கயிற்றைத் தொட்டால் பறை ஒலிக்கும்.

வாயிலைக் கடந்தபின் மூன்று அரங்குகள் உள்ளன. முதலாவது வட்டரங்கு. சர்க்கஸ் ஏன் வட்டமாயிருக்கின்றது என்பது அங்கு எழும் வினா. குதிரை வட்டமாக ஓடுங்கால், அதன்மேல் நிற்போன் உட்புறமாகச் சாய்ந்து நிலைகொள்ளக்கூடும். ஆஸ்ட்லி தம் பட்டறிவால் 42 அடி குறுக்களவே ஏற்றதெனக் கண்டார். அவ்வளவே பின்னர் உலகெங்கும் வழக்காயிற்று. சிறுவன் விரலால் வட்டத்தைப் பெருக்கலாம், சுருக்கலாம். குதிரையின் விரைவை ஏற்றலாம், இறக்கலாம். 42 அடி வட்டத்தில் நொடிக்கு 5 மீட்டர் விரைவிற் குதிரை ஓடின், மேல் நிற்போன் ஏறத்தாழ 22 பாகை உட்சாய்தல் வேண்டும். வட்டத்தை மிகச் சுருக்கினால் அவன் மேலும் சாய்ந்து நிற்கமாட்டாது விழுவான். மிகப் பெருக்கினாலோ அவன் ஏறக்குறைய நேராக நிற்பான். குதிரையின் சிறு குலுக்கமும் அவனைத் தள்ளிவிடும். விதியைக் கூறுமுன் சிறுவன் தானே அதனைக் கண்டுகொள்வான்.

இரண்டாவது, பார் என்று மக்கள் வழங்கும் ஊசற்கோல். பிரான்சு நாட்டு ஜூல் லெயோதார் 1859-இல் பாரிஸ் நகரில் ஒரு கோலினின்று மற்றொரு கோலுக்குத் தாவிக் காட்டினார். கயிற்றின் நீளத்தைச் சிறுவன் மாற்றலாம், ஆடுவோரையும் மாற்றலாம். ஒரு மீட்டர் கயிறு சென்று மீள ஏறக்குறைய 2 நொடியாகும். 4 மீட்டர் கயிற்றுக்கு 4 நொடியாகும். ஆடுவோர் எடை மிகுந்தோராயினும் குறைந்தோராயினும் காலம் மாறாது. இதனாலன்றோ பிடிப்போனும் தாவுவோனும் எண்ணிக்கை தவறாது சந்திக்கின்றனர்! மூன்றாவது கயிற்றரங்கு. கையிலுள்ள கோலைச் சிறுவன் நீட்டினால், நடப்போர் சாயும் வேகம் குறைந்து, நிமிர்ந்துகொள்ள நேரம் கிடைப்பதை அவன் காண்பான்.

இவ்வளவும் எளிது. அரியது நான்காவது அறை. அதிற் கூறவேண்டியவை விலங்குகளும் சிறுவரும் பட்ட பாடு. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கிக் காட்சிக்கு நிறுத்துதலைத் தடுத்து மத்திய அரசாங்கம் 1998-இல் அறிவிக்கை வெளியிட்டது. சர்க்கஸ் நடத்துவோர் வழக்காடினர். கேரள உயர் நீதிமன்றம் 2000-இலும், உச்ச நீதிமன்றம் 2001-இலும் அத்தடையை நிலைநிறுத்தின. சர்க்கஸிற் சிறுவரை வேலைக்கமர்த்துதலைத் தடுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2011-இற் பணித்தது. 2016-இல் திருத்தப்பெற்ற சிறுவர் தொழிற்சட்டம், சில கலை நிகழ்ச்சிகளில் நிபந்தனையோடு சிறுவர் பங்குகொள்ள இசைந்தபோதும், சர்க்கஸை மட்டும் பெயர் சுட்டி விலக்கியது.

இவற்றை மறைத்தல் பொய்யாகும்; அச்சுறுத்தும் வகையிற் காட்டுதல் கொடுமையாகும். யாம் மேற்கொண்ட வழி இது: அவ்வறையில் ஒரு கூண்டு மட்டும் வரையப்பட்டிருக்கும். சிறுவன் தொட்டாலும் தட்டினாலும் ஒன்றும் நிகழாது. கூண்டினுள் விலங்கு முன்னும் பின்னும் நடந்துகொண்டேயிருக்கும். சிறிது நேரங்கழிந்து, அஃது ஏன் அவ்வாறு நடக்கின்றதென்று தளம் வினவும். பின்னரே சட்டத்தின் வரலாறு எளிய சொற்களில் வரும். ஏனையறைகளில் எல்லாம் விரலுக்குப் பணிந்த தளம் ஈண்டுப் பணிய மறுப்பதே பாடமாம்.

எதனையும் கணினியில் அமைக்குமுன் காகிதத்திற் செய்து சிறுவரிடம் கொடுத்துப் பார்த்தல் நன்று. செலவில்லாமற் பிழை தெரியும். அடுத்த விடுமுறையில் அட்டையில் வெட்டிய குதிரையும் வட்டமும் கோலும் கூண்டும் கொண்டு எம் வீட்டு வேப்பமரத்தடியில் தெருச்சிறுவர் ஐந்தாறு பேரைக் கூட்டினோம். கூண்டினை மும்முறை தட்டிப் பார்த்துச் சலித்த எம் தம்பி, "இது பாவம், இதை விட்டுவிடலாம்" என்று அட்டைக் கதவைக் கிழித்துவிட்டான். அவ்வாறு ஒருவன் செய்யக்கூடுமென்று யாம் எண்ணியதேயில்லை.

அவ்வாரம் கழைக்கூத்தாடிகள் மீண்டும் ஊருக்கு வந்திருந்தனர். கூட்டத்தின் பின்னால் அச்சிறுமி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அருகழைத்துக் கயிற்றரங்கின் அட்டையைக் கொடுத்தோம். கண்டதும் சிரித்துவிட்டாள். யாம் வரைந்த உருவம் தன் காலைக் குனிந்து நோக்கியிருந்தது. "காலைப் பார்த்தால் விழுந்துவிடுவேன் அண்ணா, கயிறு கட்டியிருக்கிற மூங்கிலைத்தான் பார்ப்பேன்" என்றாள். கோலின் இருமுனையும் சற்றே தாழ்ந்து வளைந்திருத்தல் வேண்டும் என்றும் கையாற் காட்டினாள். யாம் நூல்களிற் படித்தும் கருத்திற்கொள்ளாதவை அவை. அவ்வட்டையின் கீழ் எழுதியிருந்ததைப் படிக்குமாறு எம் தம்பி கேட்டபோது மட்டும் அவள் வாளாவிருந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அரங்கிலிருந்தோர் எல்லாருள்ளும் அப்பொருளை நன்கறிந்தவள் அவளே. அதனைப் படிக்கவியலாதவளும் அவளே.

அன்றுமுதல் எம் திட்டத்தில் சில மாறின. ஒவ்வொரு பக்கத்தையும் தொட்டால் அது வாய்விட்டுப் படிக்கப்படல் வேண்டும். எழுத்துக்களைப் படமாக வைக்காமல் எழுத்தாகவே வைத்தல் வேண்டும். அப்போதுதான் படித்துக்காட்டும் கருவிகள் அவற்றை உணரும். பெற்றோரின் பழைய கைப்பேசியிலும் விரைந்து திறக்குமாறு, கனத்த நிழற்படங்களைக் குறைத்துக் கோட்டோவியங்களை மிகுத்தல் வேண்டும். சிறு விரலுக்கேற்பத் தொடுமிடம் ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டரேனும் அகன்றிருத்தல் வேண்டும். சிறுவரின் பெயரும் ஊரும் கேட்டலாகாது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டு வயதிற்குட்பட்டோரின் விவரங்களைப் பெற்றோர் இசைவின்றிக் கையாளுதலைத் தடுக்கின்றது. ஒரு நிறுவனத்தின் மென்பொருளையே நம்பியிருத்தலும் தகாது. பிளாஷ் என்னும் மென்பொருளால் அமைந்த சிறுவர் பக்கங்கள் எண்ணிறந்தன, 2020-ஆம் ஆண்டு முடிவில் அதற்கு ஆதரவு நிறுத்தப்பட்டதும் பயனற்றுப் போயின. எவரும் தடையின்றிப் பயன்படுத்தும் பொதுமுறைகளால் அமைத்ததே நிலைக்கும்.

கயிற்றரங்கின் உருவம் இப்போது மூங்கிலை நோக்குகின்றது. கூண்டிற்கு ஒரு கதவும் வைத்துள்ளோம். வரலாறு முழுவதையும் கேட்டபின் அதனைத் திறக்கலாம். எம் தம்பியின் முதல் வினாவுக்கு மட்டும் எந்த அரங்கிலும் யாம் விடை எழுதவில்லை. ஆறு வயதுமுதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகள் யாவர்க்கும் கல்வி உரிமை என்று 2009-ஆம் ஆண்டின் சட்டம் கூறுகின்றது. கூடாரத்திலாடும் சிறுமிக்கு நீதிமன்றம் காவல் நின்றது. தெருவிலாடும் சிறுமிக்கு அடுத்த ஊர் எதுவென்பதே எமக்குத் தெரியாது. அவ்வினாவை வாயிற்பக்கத்தில், கயிற்றின் கீழே, அவன் கேட்டவாறே எழுதி வைத்துள்ளோம்.

தளம் இன்னும் முற்றுப்பெறவில்லை. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்களுள், தம் இளமையிற் கண்ட சர்க்கஸின் துண்டறிக்கையோ நுழைவுச்சீட்டோ வைத்திருப்போர் அவற்றின் படியை எமக்கு உதவுவாராக. பள்ளிகளில் ஆசிரியப் பணியாற்றுவோர், கழைக்கூத்தாடிகள் தம் ஊருக்கு வருங்கால், எத்துணைச் சின்னாள் தங்கினும் அவர்தம் பிள்ளைகளை வகுப்பிற்கு அழைத்து அமர்த்துவாராக. முன்னது எம் தளத்தை நிரப்பும். பின்னது எம் தம்பியின் வினாவுக்கு விடையாகும்.