ஏரி வாரியமும் பரந்தூரும்

உத்திரமேரூர்க் கோயிற் சுவரிலுள்ள பராந்தக சோழன் காலத்துச் சாஸனங்களைப் புகழாத அரசியல் மேடை தமிழ்நாட்டில் இல்லை. குடவோலையின் பெருமையைச் சொல்லிவிட்டு எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள். அந்த ஓலையினால் தெரிந்தெடுக்கப்பட்டோர் செய்த வேலை யாதென்று கேட்பார் அரியர். கி.பி. 919, 921-ம் வருஷத்துச் சாஸனங்களின்படி ஏரி வாரியத்துக்கு 6 பேர். தோட்ட வாரியத்துக்கு 12 பேர். இவ்விரண்டிலும் முன்பு உழைத்தவர்களும் சம்வத்ஸர வாரியத்துக்கு ஏற்றவர்கள். கணக்குக் காட்டாதவனுக்கும் அவனுடைய உறவினருக்கும் இடமில்லை. அது பிராமணர் சபை, நிலமில்லாதார்க்கு அதிற் குரலில்லை என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் ஊராட்சியின் முதல் வேலை ஏரியைக் காப்பதே என்பதை அச்சபை அறிந்திருந்தது.

அதே காஞ்சீபுரம் ஜில்லாவிலுள்ள பரந்தூர், 2022-ம் வருஷம் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கென்று குறிக்கப்பட்டது. 13 கிராமங்களில் 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். அதில் நன்செய்யும் ஏரிகளும் அடக்கம். ஏகனாபுரம் கிராம சபை மீண்டும் மீண்டும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 1994-ம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டம் கிராம சபைக்கு உயிர் கொடுத்ததேயன்றி, அதன் மறுப்புச் சர்க்காரைக் கட்டுப்படுத்தும்படி வகை செய்யவில்லை.

போதாதென்று 2023-ம் வருஷம் சட்டசபை ஒரு நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை விவாதமின்றி நிறைவேற்றியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத பெருந்திட்ட நிலத்துள் ஏரியோ ஓடையோ இருப்பின் அதையும் சேர்த்துக்கொள்ள அது வழி செய்கிறது. நீரின் கொள்ளளவு குறையலாகாது என்ற நிபந்தனையும் உண்டு. சட்டம் படித்தவர்க்கு இது நியாயமாகவே தோன்றும்; மதகு திறக்கும் நீர்க்கட்டியிடம் சொன்னால் சிரிப்பான். மேலேரியின் கலங்கலில் வழியும் நீர் கால்வாய் வழியே கீழேரிக்குச் செல்கிறது. மதகைத் திறந்தால் இறைப்பின்றியே ஆயக்கட்டிற் பாய்கிறது. அதே அளவு குழியைப் பள்ளத்தில் வெட்டினால் காகிதத்தில் கணக்குச் சரியாகும். வயலுக்கு நீர் ஏறாது.

சென்னைவாசிகள் இதை யாரோ குடியானவரின் வழக்கென்று எண்ணலாகாது. அந்நிலத்தின் ஊடே செல்லும் கம்பன் கால்வாய் ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கு நீர் தருவது. அங்கிருந்து மிகுவது செம்பரம்பாக்கத்துக்குச் செல்கிறது. செம்பரம்பாக்கத்து நீரைக் குடிப்போர் யார்? 2015-ம் வருஷம் டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தில் நின்றவர்கள் யார்?

இனி ஓர் ஏக்கரை எடுக்குமுன், ஒவ்வோர் ஏரியின் ஆயக்கட்டு எவ்வளவு, வரத்துக்கால் எது, மாற்று ஏரியின் மதகு எந்த மட்டத்தில் அமையும் என்ற கணக்கைச் சர்க்கார் கிராம சபையில் தமிழிற் படித்துக் காட்டட்டும். ஏகனாபுரத்திலிருந்தே தொடங்கலாம்.