பாத்திரமேற்கும் வீடியோ விளையாட்டுகளும் விசுவாசியின் அறநெறித் தெரிவும்

வாலிபர் வேதபாட வகுப்புகளில் போதகர்களிடம் இந்நாட்களில் கேட்கப்படும் வினாக்களுள் ஒன்று, வீடியோ விளையாட்டில் ஒருவனைக் கொல்வது பாவமா என்பதாகும். அது வெறும் விளையாட்டு என்று தள்ளிவிடுவதும், அதைத் தொடவே கூடாது என்று தடைசெய்வதும் எளிது. இரண்டும் கேட்டவரின் மனச்சாட்சியைக் கவனியாத விடைகள். அது கொலையன்று, ஏனெனில் அங்கே அயலான் இல்லை. ஆனால் தெரிவு செய்தவர் இருக்கிறார். பாத்திரமேற்கும் விளையாட்டுகளில் ஆடுபவர் கற்பனை உலகொன்றில் ஒரு மனிதராக நுழைந்து, யாருக்கு உதவுவது, யாரைக் கைவிடுவது என்று பல மணி நேரம் தாமே தீர்மானிக்கிறார். அத்தீர்மானங்கள் எங்கிருந்து எழுகின்றன என்பதே நாம் ஆராயத்தக்கது.

கற்பனைக் கதை உள்ளத்தை வெளிப்படுத்தும் என்பதற்குத் திருமறையிலேயே சான்று உண்டு. 2 சாமுவேல் 12-ஆம் அதிகாரத்தில் நாத்தான் கூறிய கதையின் ஐசுவரியவானும் தரித்திரனும் உண்மையில் இருந்தவர்கள் அல்லர். தாவீதின் கோபமோ உண்மையானது. மறுபுறம் அகஸ்தீன் தமது 'அறிக்கைகள்' நூலின் மூன்றாம் பகுதியில், நாடக மேடைத் துயரங்களுக்காகத் தாம் உருகியதை நினைவுகூர்ந்து, உதவிசெய்ய எவரும் அழைக்கப்படாத இடத்தில் தோன்றும் இரக்கம் எத்தகையது என வினவுகிறார். அவர் கண்ட நாடகத்தில் பார்ப்பவர் எழுந்து சென்று உதவ இயலாது. இவ்விளையாட்டுகளில் இயலும், வேறுபாடு அதுவே.

1985-இல் ரிச்சர்டு கேரியட் வெளியிட்ட 'அல்ட்டிமா 4' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வெல்லப்படவேண்டிய கொடிய அரசன் எவனும் அதில் இல்லை. உண்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், தாழ்மை ஆகிய எட்டு நற்பண்புகளில் தேறுவதே அதன் நோக்கம். தொடக்கத்தில் குறிசொல்லும் நாடோடிப் பெண்ணொருத்தி, ஒரு நற்பண்பை மற்றொன்றோடு மோதவிடும் வினாக்களை வரிசையாகக் கேட்கிறாள். தவறான விடை என்று ஒன்றுமில்லை. பத்துக் கற்பனைகளை மனப்பாடம் செய்து வளர்ந்தவர் உண்மையைப் பற்றிக்கொள்ளக்கூடும். நல்ல சமாரியனின் உவமையில் ஊறியவர் இரக்கத்தைத் தெரிந்துகொள்ளக்கூடும். ஒருவருடைய ஞாயிறு பள்ளியே அங்கே விடையளிக்கிறது எனலாம். எல்லாவற்றுக்கும் மேலாகத் தாழ்மையைத் தெரிந்துகொண்டவர் மேய்ப்பனாக ஆட்டத்தைத் தொடங்குகிறார். அவ்விளையாட்டில் பலம் மிகக் குறைந்தவன் மேய்ப்பனே. (போதகர்கள் இதற்குப் புன்முறுவல் செய்யலாம்.)

பின்னர் மூலிகை விற்கும் குருட்டுப் பெண்ணொருத்தி வருகிறாள். எத்தனை காசு கொடுக்கிறோம் என்பதை வாங்குபவரே சொல்லவேண்டும். குறைத்துக் கொடுத்தாலும் அவள் அறியாள். கணினி மட்டும் ஓசையின்றி உண்மைக் கணக்கில் குறைத்துக்கொள்ளும். பிச்சைக்காரனுக்குக் காசிட்டால் இரக்கக் கணக்கு கூடும். சிக்கல் இங்கேதான். கணக்குக்காகக் காசிடுபவரும் மனமுருகிக் காசிடுபவரும் இயந்திரத்தின் முன் ஒருவரே. மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கண்டித்த தர்மத்தை இயந்திரத்தால் பிரித்தறிய முடியாது. அந்தரங்கத்தில் பார்க்கிறவர் அதற்குள் இல்லை.

எட்டிலும் தேறியவருக்கு அவ்விளையாட்டு அளிக்கும் பட்டம் 'அவதார்' என்பதும் நமக்குக் கருத்துக்குரியது. நம் நாட்டு மொழிகளில் அச்சொல் இறங்கி வருதலைக் குறிக்கும். சென்னையில் வாழ்ந்த சக்கரை 1920-களில் கிறிஸ்துவை அவதாரமாக விளக்கி நூலெழுதியதும் அப்பொருள் பற்றியே. கேரியட்டின் அவதாரமோ படிப்படியாக ஏறுகிறது. கிருபைக்கு அங்கே வேலையில்லை.

இக்குறையை அதன் ஆசிரியரே ஓரளவு உணர்ந்தார் போலும். 1988-இல் வந்த 'அல்ட்டிமா 5'-இல் பிளாக்தார்ன் என்னும் ஆளுநன் அதே நற்பண்புகளைச் சட்டமாக்குகிறான்: பொய் சொன்னவன் நாவை இழப்பான், வருமானத்தில் பாதியைத் தர்மத்துக்குக் கொடாதவன் வருமானம் முழுவதையும் இழப்பான். நற்பண்பு கொடுங்கோன்மையாகிறது. கலாத்தியர் நிருபத்தைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதனினும் தெளிவான உதாரணம் எளிதில் கிட்டாது.

2015-இல் டோபி ஃபாக்ஸ் உருவாக்கிய 'அண்டர்டேல்' வேறொரு திசையில் செல்கிறது. அதில் ஒருவரையும் கொல்லாமலே இறுதிவரை செல்லலாம். தொடக்கத்தில் தன்னைத் தாய்போல் பேணிய டோரியலைக் கொன்றுவிட்டு, வருத்தமுற்று, முன்பு சேமித்த நிலைக்குத் திரும்பி அவளைப் பிழைக்கவிடுபவர் பலர். சிறிது தூரம் சென்றதும் ஃபிளவி என்னும் பேசும் பூ, நீ முன்பு செய்ததை நான் அறிவேன் என்னும் பொருள்பட இகழ்கிறது. அவள் உயிரோடிருக்கிறாள், செய்தவரின் முகமோ வாடுகிறது. கண்டிப்பவரின் நோக்கம் மீட்பது. இப்பூவின் நோக்கம் குற்றஞ்சாட்டுவது மட்டுமே.

வாலிபரிடம் எத்தனை பேரைக் கொன்றாய் என்று கேட்பதினும், எந்தத் தெரிவுக்காகப் பின்னோக்கிச் சென்றாய், ஏன் சென்றாய் என்று கேட்பது பயன்தரும். உரியாவைச் சாகவிட்ட தாவீதுக்கு அவ்வாறு திரும்பிச் செல்ல வழி இருக்கவில்லை. அவ்வுரையாடலுக்குப் பின் 51-ஆம் சங்கீதத்தை அவர்களையே வாசிக்கச் சொல்லி, பழைய நிலைக்குத் திரும்புவதற்கும் அங்கே கேட்கப்படும் சுத்த இருதயத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர்களே சொல்லும்படி விடலாம்.