நடைப் பயிற்சிக்கு ரோபோ இயந்திரம்: யாருக்குத் தேவை?

பக்கவாதத்தால் ஒரு பக்கக் கையும் காலும் செயலிழந்தவரை அழைத்து வரும் குடும்பத்தினர் அண்மைக் காலமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பெரிய நகரங்களில் ரோபோ வைத்து நடக்கப் பழக்குகிறார்களாமே, நிலத்தை அடகு வைத்தாவது அங்கே அழைத்துச் செல்லலாமா?" முள்ளுக்குறிச்சியிலும் கொல்லிமலைச் சிற்றூர்களிலும் வாழும் குடும்பங்களுக்கு இது வாழ்வாதாரத்தைப் பணயம் வைக்கும் முடிவாகும். எனவே அவ்வியந்திரத்தைப் பற்றித் தெளிவாக அறிந்துகொள்வது நல்லது.

இயந்திரம் செயல்படும் விதம்

நோயாளியின் மார்பிலும் இடுப்பிலும் உறுதியான பட்டைகளை அணிவித்து, மேலிருந்து தொங்கும் கயிற்றுடன் இணைப்பர். உடல் எடையின் ஒரு பகுதியைக் கயிறு தாங்கிக்கொள்ளும். காலடியில் டிரெட்மில் ஓடும். சுவிட்சர்லாந்தில் உருவான லோகோமாட் போன்ற கருவிகளில் மோட்டார்கள் இடுப்பு, முழங்கால் மூட்டுகளை அசைத்துக் கால்களை நடத்துகின்றன. விழும் அச்சமின்றி ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கான அடிகள் எடுத்துவைக்க இயலும். இவ்வாறு மீண்டும் மீண்டும் பழகுவதால்தான் மூளை நடையைத் திரும்பக் கற்கிறது. வலிமை கூடக் கூட, எடைத் தாங்கலைப் படிப்படியாகக் குறைப்பர்.

ஆய்வுகள் கூறுவது

பக்கவாதம் ஏற்பட்ட முதல் மூன்று மாதங்களுக்குள், நடக்கவே இயலாத நிலையில் இருப்போருக்கு, இயன்முறைப் பயிற்சியுடன் இக்கருவியும் சேரும்போது கூடுதல் பயன் கிடைக்கிறது. ஒருவர் துணையுடன் சில அடிகளேனும் நடக்கக்கூடியவர்களின் நிலை வேறு. அமெரிக்காவில் 408 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஒரு பிரிவினர் எடைத் தாங்கலுடன் டிரெட்மில்லில், பயிற்சியாளர்களின் கைத்துணையோடு நடந்தனர். மற்றொரு பிரிவினர் இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் வீட்டிலேயே வலிமை, சமநிலைப் பயிற்சிகளைச் செய்தனர். ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறியிருந்தனர். ஆனால் வீட்டுப் பயிற்சியும் எளிதாக இருக்கவில்லை: ஒவ்வொன்றும் 90 நிமிடம் கொண்ட 36 அமர்வுகள், மூன்று முதல் நான்கு மாதங்களில் நிறைவுற்றன.

ஆறாத புண், எலும்பு முறிவு, கால் நரம்பில் இரத்த உறைவு, கட்டுக்குள் வராத இதயநோய் உள்ளோர்க்கு இக்கருவி ஏற்றதன்று.

வீட்டில் செய்ய வேண்டியவை

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் இல்லத்திற்கே வந்து பயிற்சி அளிக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதனைக் கேட்டுப் பெறுங்கள். அவர் கற்றுத்தரும் பயிற்சிகளை நாள்தோறும் தொடருங்கள்: நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சுவரைப் பிடித்து நிற்றல், எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுதல். துணை நிற்பவர் பலவீனமான பக்கம் நின்று இடுப்பைத் தாங்க வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு விலகக்கூடும். டிரெட்மில் சமதளம், நம் பகுதியிலோ வாசற்படியும் சரிவும் மிகுதி. ஆகவே நடை ஓரளவு உறுதிப்பட்ட பின், துணையுடன் அவற்றிலும் பழக வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தோன்றினாலும், புதிதாகக் கை கால் தளர்ந்தாலும் பேச்சுக் குழறினாலும் தாமதமின்றி 108ஐ அழையுங்கள்.

நகரப் பயணத்தைத் தீர்மானிக்கும் முன் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: நோய் தாக்கி எத்தனை வாரங்கள் ஆயின? நோயாளியால் துணையுடன் நிற்க முடிகிறதா? திரும்பிய பின் வீட்டில் பயிற்சியைத் தொடர்பவர் யார்? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்த பிறகே செலவைப் பற்றி எண்ணுங்கள்.